ஆளுநர் மேசையில் மசோதா: உச்ச நீதிமன்றக் கருத்துரைக்குப் பிறகு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 நவம்பர் 20 அன்று, சட்டமன்றம் அனுப்பும் மசோதாக்களின் மேல் ஆளுநருக்குள்ள அதிகாரத்தைப் பற்றி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒரு கருத்துரை வழங்கினார்கள். அன்று மாலையே ஒரு தொலைக்காட்சி "தமிழ்நாட்டுக்குப் பின்னடைவு" என்றது, இன்னொன்று "ஆளுநருக்குக் கடிவாளம்" என்றது. இரண்டையும் பார்த்தவர்கள் என்னிடம் கேட்டதும், சட்டக் கல்லூரி மாணவர்கள் கேட்டதும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டதும் சேர்ந்ததுதான் இந்தப் பக்கம். என் கருத்தைச் சொல்லும் இடங்களில் அது என் கருத்து என்றே சொல்லியிருக்கிறேன்.

முதலில், வழக்கு எதைப் பற்றியது?

சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா ஆளுநரிடம் போகிறது. அவர் கையெழுத்துப் போடவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. அப்போது என்ன செய்வது? இதுதான் கேள்வி.

2020 ஜனவரியிலிருந்து 2023 ஏப்ரல் வரை தமிழ்நாடு சட்டமன்றம் அனுப்பிய 12 மசோதாக்கள் ராஜ்பவனில் நிலுவையில் இருந்தன. பெரும்பாலானவை பல்கலைக்கழகங்களைப் பற்றியவை. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை வேந்தரான ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றுவதே அவற்றின் சாரம். இதைத் தி.மு.க.வுக்கும் அப்போதைய ஆளுநர் ஆர்.என். ரவிக்கும் இடையிலான தகராறு என்று மட்டும் சுருக்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்தக் கட்டில் அ.தி.மு.க. ஆட்சியில் நிறைவேறிய மசோதாக்களும் கிடந்தன.

2023 அக்டோபர் இறுதியில் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. நவம்பர் 13 அன்று 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் இல்லை என்று ஆளுநர் அறிவித்தார், மீதி இரண்டைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். நவம்பர் 18 அன்று சட்டமன்றம் சிறப்பாகக் கூடி அந்த 10 மசோதாக்களையும் மீண்டும் நிறைவேற்றியது. நவம்பர் 28 அன்று ஆளுநர் அந்தப் பத்தையும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். மூன்று ஆண்டுகள் அசையாத கோப்புகள் வழக்கு வந்த பிறகு இரண்டே வாரத்தில் இரண்டு முறை நகர்ந்தன.

அரசமைப்புச் சட்டம் என்னதான் சொல்கிறது?

200-வது பிரிவுதான் மூலம். மசோதா வந்ததும் ஆளுநர் ஒப்புதல் தரலாம், ஒப்புதலை நிறுத்திவைக்கலாம், அல்லது குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கலாம். பண மசோதா அல்லாதவற்றைக் "கூடிய விரைவில்" ஒரு குறிப்போடு அவைக்குத் திருப்பி அனுப்பலாம். அவை அதைத் திருத்தியோ திருத்தாமலோ மறுபடி நிறைவேற்றி அனுப்பினால், ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் குறைக்கும் மசோதா என்றால் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

அவ்வளவுதான். நாள் கணக்கு எதுவும் இல்லை. "கூடிய விரைவில்" என்ற இரண்டு சொற்களின் மேல்தான் இத்தனை வழக்குகளும் நிற்கின்றன.

2025 ஏப்ரல் 8 தீர்ப்பு என்ன செய்தது?

நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அந்த இடைவெளியை நாள் கணக்கால் நிரப்பியது. அமைச்சரவையின் ஆலோசனைப்படி மசோதாவை நிறுத்தவோ ஒதுக்கவோ செய்தால் அதிகபட்சம் ஒரு மாதம். ஆலோசனைக்கு மாறாகச் செய்தால் மூன்று மாதம். மறுபடி நிறைவேறி வந்த மசோதாவுக்கு ஒரு மாதம். குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதம். இந்தக் கடைசிக் காலக்கெடு நீதிபதிகள் தாங்களாகப் பிடித்த எண் இல்லை. மத்திய உள்துறை அமைச்சகமே 2016-இல் வெளியிட்ட குறிப்பாணையில் இருந்தது.

மறுபடி நிறைவேறிய 10 மசோதாக்களை இரண்டாம் சுற்றில் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கியது செல்லாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. அதோடு நிற்காமல், 142-வது பிரிவின் கீழ் தனக்குள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, அந்தப் பத்துக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்றது.

கையெழுத்தே இல்லாமல் சட்டமா? அது எப்படி இருந்தது?

அரசிதழைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது மறக்க முடியாத நாள். தமிழ்நாடு அரசிதழில் எந்தச் சட்டத்தை எடுத்தாலும் தலைப்பில் வழக்கமான ஒரு வரி இருக்கும்: சட்டமன்றத்தின் பின்வரும் சட்டம் இன்ன தேதியில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது என்று. யாரும் நின்று படிக்காத வரி. ஏப்ரல் தீர்ப்பு வந்த சில நாட்களில் வெளியான அரசிதழில் அந்த இடத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பெயரும், ஒப்புதல் அளிக்கப்பட்டதாகக் கொள்ளும் நாள் 2023 நவம்பர் 18 என்ற தேதியும் இருந்தன. ஆளுநரும் கையெழுத்திடாமல் குடியரசுத் தலைவரும் கையெழுத்திடாமல் ஒரு மாநிலச் சட்டம் அரசிதழ் ஏறியது இந்தியாவில் அதுதான் முதல் முறை.

பிறகு ஏன் விஷயம் மறுபடி உச்ச நீதிமன்றம் போனது?

ஒன்றிய அரசு மறுசீராய்வு மனு போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக வேறு வழி எடுத்தது. 143(1) பிரிவின்படி, முக்கியமான சட்டக் கேள்வி எழுந்தால் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாம். 2025 மே 13 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 14 கேள்விகளை அனுப்பினார். சாசனத்தில் இல்லாத காலக்கெடுவை நீதிமன்றம் விதிக்கலாமா, ஆளுநரின் முடிவை நீதிமன்றம் விசாரிக்கலாமா, 142-ஐக் கொண்டு ஒப்புதலையே ஈடு செய்யலாமா என்பவை அவற்றில் முக்கியமானவை.

இன்னொரு நியாயமான குறையும் இருந்தது. சாசனத்தை விளக்க வேண்டிய பெரிய கேள்வி என்றால் குறைந்தது ஐந்து நீதிபதிகள் இருக்க வேண்டும் என்கிறது 145(3). இவ்வளவு தூரம் போன ஏப்ரல் தீர்ப்பை எழுதியது இரண்டு பேர். தீர்ப்பின் மனசாட்சியோடு உடன்படுகிறவன் நான். இருந்தும், இந்தக் குறையைத் தள்ளிவிட முடியாது என்று நினைக்கிறேன். அன்றே ஐந்து பேர் அமர்ந்திருந்தால் இந்த இரண்டாம் சுற்று இவ்வளவு எளிதாக வந்திருக்காது.

நவம்பர் 20 கருத்துரை என்ன சொன்னது?

தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதிகள் சூர்ய காந்த், விக்ரம் நாத், பி.எஸ். நரசிம்மா, ஏ.எஸ். சந்துர்கர் ஆகிய ஐவரும் ஒருமனதாகச் சொன்னார்கள். எழுதியவர் பெயர் போடாமல் நீதிமன்றத்தின் கருத்தாகவே வெளியிட்டார்கள்.

ஆளுநருக்கு முன்னால் மூன்றே வழிகள்: ஒப்புதல், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்குதல், நிறுத்திவைத்துக் குறிப்போடு திருப்பி அனுப்புதல். நிறுத்திவைத்துவிட்டு மசோதாவைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் நான்காவது வழி கிடையாது. ஆளுநரோ குடியரசுத் தலைவரோ இத்தனை நாளில் முடிவெடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது. ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வது என்ற ஏற்பாடு, ஒருவருடைய அதிகாரத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்வதாகும், அதற்குச் சாசனத்தில் இடமில்லை. ஆளுநர் எடுத்த முடிவு சரியா தவறா என்று நீதிமன்றம் பார்க்காது. ஆனால் நீண்ட காலம், காரணம் சொல்லாமல், முடிவில்லாமல் ஆளுநர் சும்மா இருந்தால், நியாயமான காலத்துக்குள் ஏதாவது ஒரு முடிவை எடுங்கள் என்று வரையறுக்கப்பட்ட ஆணை பிறப்பிக்கலாம். எந்த முடிவு என்று சொல்லக் கூடாது.

அப்படியானால் தமிழ்நாடு தோற்றதா, வென்றதா?

இது கிரிக்கெட் ஆட்டம் இல்லை, ஆனாலும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். காலக்கெடு போனது, ஈடு செய்யும் ஒப்புதல் போனது. மாநிலங்களுக்கு இவை பெரிய இழப்பு. மிஞ்சியது எது? ஒப்புதல் மறுத்து மசோதாவை அப்படியே சாகவிடும் உரிமை ஆளுநருக்கு உண்டு என்று ஒன்றிய அரசு வாதாடியது. அதை ஐந்து நீதிபதிகளும் ஏற்கவில்லை. 2023 நவம்பர் 10 அன்று பஞ்சாப் வழக்கில் மூன்று நீதிபதிகளும் இதையேதான் சொன்னார்கள். அது இப்போது ஐந்து நீதிபதிகளின் வாக்காக உறுதியாகியிருக்கிறது. 2023 நவம்பர் 13 அன்று இங்கே நடந்ததுபோல "ஒப்புதல் இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது இனி நடக்காது. என்னைக் கேட்டால், நவம்பர் கருத்துரையில் மாநிலங்கள் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான்.

ஆளுநர் அமைச்சரவை சொல்கிறபடி நடக்க வேண்டியவர்தானே?

பொதுவாக ஆம். 163-வது பிரிவும், 1974-இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் சொன்னதும் அதுதான். ஆனால் 200-வது பிரிவின் கீழ் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதில் ஆளுநருக்குத் தன்விருப்புரிமை உண்டு என்கிறது நவம்பர் கருத்துரை. தான் கொண்டுவந்த மசோதாவைத் திருப்பி அனுப்புங்கள் என்று எந்த அமைச்சரவையும் ஆலோசனை சொல்லாது, ஆகவே அந்த அதிகாரத்துக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் அது ஆளுநரின் சொந்த முடிவாகத்தான் இருக்க முடியும் என்பது அந்தப் பக்கத்து வாதத்தின் உயிர். லேசான வாதம் இல்லை.

ஆனாலும் எனக்கு இங்கே உடன்பாடில்லை. காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 75-வது பிரிவு, ஆங்கிலேய ஆளுநர் மசோதாவின் மேல் "தன் விருப்புரிமைப்படி" முடிவெடுக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னது. நம் அரசமைப்புச் சட்டத்தின் முதல் வரைவிலும், மசோதாவைத் திருப்பி அனுப்பும் இடத்தில் அந்தச் சொற்கள் இருந்தன. அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தம் அவற்றை எடுத்துவிட்டது. மக்களுக்குப் பொறுப்பான ஆட்சியில் ஆளுநரின் சொந்த விருப்பத்துக்கு இடமில்லை என்பது அவர் தந்த விளக்கம். ஒரு சட்ட வாசகத்திலிருந்து தெரிந்தே எடுத்த சொல்லுக்கும் பொருள் உண்டு. எடுத்தவர்கள் வீசியெறிந்த அதிகாரத்தை எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து விளக்கத்தின் வழியாகத் திருப்பிக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏப்ரல் தீர்ப்பு இந்த வரலாற்றை விரிவாகப் பேசியது. அந்தப் பக்கங்களைச் சட்ட மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும், தீர்ப்பின் முடிவு நிற்காமல் போனாலும்.

ஆளுநர் மீது வழக்கே போட முடியாது என்கிறார்களே?

361-வது பிரிவு தரும் காப்பு ஆளுநர் என்ற நபருக்கு. அவரைக் கூண்டில் ஏற்ற முடியாது, பதில் சொல்லும்படி அழைக்க முடியாது. ஆளுநர் அலுவலகம் செய்யாமல் விட்ட வேலையைப் பற்றி நீதிமன்றம் கேட்பதை அது தடுக்காது. நவம்பர் கருத்துரையும் இதையேதான் சொல்கிறது.

பேரறிவாளன் வழக்கில் 142-ஐப் பயன்படுத்தினார்களே, இங்கே மட்டும் ஏன் கூடாது?

நல்ல கேள்வி. நம் மாநிலத்தில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. 2018 செப்டம்பர் 9 அன்று தமிழ்நாடு அமைச்சரவை பேரறிவாளனை விடுவிக்கப் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவெடுக்காமல் வைத்திருந்து, 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் 142-இன் கீழ் தானே விடுதலை செய்தது. அந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் பி.ஆர். கவாய்.

வேறுபாடு இங்கேதான்: தண்டனைக் குறைப்பு 161-வது பிரிவின் கீழ் வரும் நிர்வாக அதிகாரம். அதில் அமைச்சரவையின் முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும். அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அதைச் செய்யவில்லை, நீதிமன்றம் செய்தது. மசோதா விஷயத்தில் ஆளுநருக்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு என்று நவம்பர் கருத்துரை சொல்வதால், அதில் ஒன்றை நீதிமன்றம் அவருக்காகத் தேர்ந்தெடுக்க முடியாது என்றாகிறது. சட்டப்படி இந்த வேறுபாடு நிற்கும். ஆனால் காத்திருக்கும் மனிதருக்கு ஆளுநர் மாளிகையில் தூங்குவது எந்தப் பிரிவின் கீழ் வரும் கோப்பு என்பது முக்கியமில்லை.

"நியாயமான காலம்" என்றால் எவ்வளவு?

எண்ணாக யாரும் சொல்லவில்லை. நம் ஊர் அனுபவத்தை வைத்துப் பாருங்கள்.

2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் கூடியபோது, 21-ஆம் தேதி ஜல்லிக்கட்டு அவசரச் சட்டம் வந்தது. 23-ஆம் தேதி சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. அந்த மாத இறுதிக்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலே கிடைத்துவிட்டது. சென்னையிலிருந்து டெல்லி போய்த் திரும்ப எட்டு நாள். அதே மாநிலத்தின் நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரில் நிறைவேறியது, 2022 பிப்ரவரித் தொடக்கத்தில் திரும்பி வந்தது, 8-ஆம் தேதி மறுபடி நிறைவேறியது, டெல்லி போனது. ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தியை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பேரவையில் சொன்னது 2025 ஏப்ரலில். நடுவில் எத்தனை பிளஸ் டூ பிள்ளைகள் இந்த மசோதா என்ன ஆகும் என்று தெரியாமலே தேர்வெழுதிப் போனார்கள். வேண்டாம் என்பதைச் சொல்ல மூன்று ஆண்டு எதற்கு?

இணையச் சூதாட்டத் தடை மசோதாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில் நிறைவேறி, நான்கு மாதத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்தது. 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேறி ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் வந்துகொண்டிருந்த மாதங்கள் அவை.

தாமதம் என்பது முடிவெடுக்காமல் இருப்பது என்று நினைக்கிறோம். தாமதமும் ஒரு முடிவுதான், ஆனால் அதற்குக் காரணம் எழுத வேண்டியதில்லை, யாரும் கையெழுத்திட வேண்டியதில்லை. ஏப்ரல் தீர்ப்பு அதற்குத்தான் கடிகாரம் வைத்தது. நவம்பர் கருத்துரை கடிகாரத்தைக் கழற்றிவிட்டது. மிகவும் தாமதமானால் வந்து கதவைத் தட்டுங்கள் என்கிறது.

அந்த 10 சட்டங்கள் இப்போது செல்லுமா?

இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொண்டது நிற்குமா? 143-இன் கீழ் தரும் கருத்து மேல்முறையீடு அல்ல. தன் பழைய தீர்ப்பை இந்த வழியில் புரட்டிப்போட முடியாது என்று 1991-இல் காவிரி விவகாரத்தில் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்போதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்ட விளக்கத்தைத் திருத்தலாம், கட்சிக்காரர்களுக்கிடையில் முடிந்த வழக்கை மறுபடி திறக்க முடியாது. இந்த அடிப்படையில் தமிழ்நாடு பெற்ற பலன் அதன் கையில் இருக்க வேண்டும் என்பது என் வாசிப்பு.

இரண்டாவது, ஒப்புதல் இருந்தாலும் சட்டத்தின் உள்ளடக்கம் சரியா? இது தனி வழக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளோடு முரண்படுகிறது என்று சொல்லி, துணைவேந்தர் நியமனம் தொடர்பான பகுதிகளுக்கு 2025 மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதை எதிர்த்து மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்றது.

இதற்கிடையில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலும் காலியான துணைவேந்தர் நாற்காலிகள் நிரம்பாமலே கிடந்தன. ஒருங்கிணைப்புக் குழுக்கள் நாளை ஓட்டின. எனக்குத் தெரிந்த ஒரு பெண், வேறொரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்தவர், பட்டமளிப்பு விழா எப்போது என்று தெரியாமல் தற்காலிகச் சான்றிதழை மட்டும் நெகிழியுறையில் போட்டு நேர்காணலுக்கு நேர்காணல் எடுத்துப் போனார். மடித்த இடம் கிழிந்து, பின்பக்கம் பசைத்தாள் ஒட்டியிருந்தது. 200-வது பிரிவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது.

கருத்துரை எல்லோரையும் கட்டுப்படுத்துமா?

ஏட்டளவில் விவாதம் உண்டு, ஏனென்றால் அது ஆலோசனை. நடைமுறையில் எந்த உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னதைத் தாண்டிப் போகாது. நீதிபதிகள் நியமனத்துக்கான கொலீஜியம் முறையின் இன்றைய வடிவமே 1998-இல் வந்த இதுபோன்ற ஒரு கருத்துரையில்தான் நிற்கிறது.

காலக்கெடு வேண்டும் என்றால் இனி என்ன வழி?

அரசமைப்புச் சட்டத் திருத்தம். ஒன்றிய-மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் 1988-இலும் பூஞ்சி ஆணையம் 2010-இலும் காலவரம்பு வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டன. பூஞ்சி ஆணையம் ஆளுநருக்கு ஆறு மாதம் என்றது.

பலர் கவனிக்காத ஒன்று: 200-வது பிரிவைத் திருத்தப் பாதி மாநிலங்களின் இசைவு தேவையில்லை. 368-இல் அப்படி இசைவு வேண்டிய பிரிவுகளின் பட்டியல் இருக்கிறது. மாநிலச் சட்டமன்றங்களைப் பற்றிய அத்தியாயம் அதில் இல்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை இருந்தால் போதும். வழி சுலபம், நடப்பது கடினம். டெல்லியில் ஆட்சியில் இருக்கும் எந்தக் கட்சியும் தன் கையில் உள்ள இந்த நெம்புகோலைத் தானாகக் கீழே வைத்ததில்லை, காங்கிரஸும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் வழக்கறிஞரும் இல்லை, அரசியல்வாதியும் இல்லை. என்னால் என்ன முடியும்?

தேதிகளைக் கேட்கலாம். இனி ஒரு மாநிலம் நீதிமன்றத்தில் அந்த வரையறுக்கப்பட்ட ஆணையைக் கேட்க வேண்டுமென்றால், தாமதம் நீண்டது, காரணமற்றது, முடிவில்லாதது என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு அடிப்படை தேதிகள். இன்ன மசோதா எந்த நாளில் ஆளுநருக்கு அனுப்பப்பட்டது, விளக்கம் கேட்டு எப்போது கடிதம் வந்தது, எப்போது பதில் போனது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தலைமைச் செயலகத்தில் உள்ள சட்டத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் பத்து ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். மசோதாவின் எண்ணையும் ஆண்டையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். "நிலை என்ன" என்று கேட்காதீர்கள், "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதி கேளுங்கள்.